அம்மா வரிசையில் நின்ற சனிக்கிழமைகள்

நம் வயதுக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் வந்துவிட்டால், பென்ஷனுக்காக நாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று யாருக்காவது நிரூபித்தாக வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய் நின்றால் போதும். ஒரு கையெழுத்து, ஒரு வணக்கம், வெளியே வந்து ஒரு காபி. இப்போது கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்ட வேண்டும். எங்கள் மூன்றாவது மாடியில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன வாரம் எனக்காக மெனக்கெட்டாள். "ஆன்ட்டி, சிமிட்டுங்க. இன்னொரு தடவ. லைட்டுக்கு நேரா வாங்க." முகம் பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், பொட்டைச் சரிசெய்தேன், ஜன்னலோரம் போனேன். கடைசியில் என்ன நினைத்ததோ, ஒப்புக்கொண்டுவிட்டது. அவள் கைதட்டினாள்.

எனக்குத்தான் அன்று முழுவதும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. திருமுல்லைவாயிலில் இருக்கும் இந்த இரண்டு அறை வீட்டில் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இதை எழுதும்போதும் ஒரு பத்தி முடிந்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகம் பொருந்துகிறதா என்று பார்க்கிற வேலையை ஒரு காலத்தில் என் அப்பா செய்தார். அவர் வங்கி மேனேஜர். அவரிடம் கைப்பேசி இல்லை, ஒரு பென்சில் இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் நிம்மதி இல்லாமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குப் பத்து வயது முடிந்த வருடம் அப்பாவுக்குக் குமணன்சாவடிக்கு மாற்றலாயிற்று. இன்று அங்கே மெட்ரோ தூண்களுக்கு அடியில் எது சாலை, எது கடை என்று தெரியாமல் நிற்கிறோம். அன்று பெங்களூர் லாரிகள் போகும், வரும். அவ்வளவுதான். வங்கி ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டில் எப்போதும் துரு வாசனை. எங்கள் வாடகை வீடு இரண்டு தெரு தள்ளி.

எந்த ஊருக்குப் போனாலும் அப்பா முதலில் விசாரிப்பது அங்கே கூத்து எப்போது, நாடகம் எங்கே, போர்டு எழுதுகிறவர் எந்தக் கடை வாசலில் உட்காருவார் என்பதைத்தான். "வீடு பாத்தீங்களான்னு கேட்டா, இந்த ஊர்ல நல்ல நாதஸ்வரக்காரர் ஒருத்தர் இருக்கார்ங்கறார்" என்று அம்மா சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சினிமாவுக்குப் பேனர் எழுதுகிறவர் சாரத்தின்மேல் நின்று ஒரு கன்னத்துக்கு ரோஸ் வண்ணம் தடவுவதைப் பார்க்க, பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிவிடுகிற மனிதர் அவர். கூடவே நானும் அம்மாவும் கையில் காய்கறிப் பையோடு இறங்கி நிற்போம். மேனேஜர் அறையில் அவரால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. எழுந்து வந்து கவுன்டர் பக்கம் நின்று, வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப் பார்த்தபோதுதான் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நசரத்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் நடந்து வருவார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், கீரை விற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். கணக்குத் தொடங்க ஆசையோடு மாடி ஏறி வந்து, ஐந்து நிமிடத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அட்டையில் ஒரு மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதும். கைநாட்டு வைக்கிறவர்களாக இருந்தால் அந்த அட்டையில் போட்டோ ஒட்ட வேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும், அரை நாள் கூலி போகும், வீட்டுக்காரன் என்ன ஏது என்று கேட்பான். போதாக்குறைக்கு, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் வேறு.

"போட்டோன்னா வாணாம் சாமி" என்று ஒரு சூளைக்காரம்மா படி இறங்கப் போனபோது அப்பா கேட்டாராம், "பென்சில்ல வரைஞ்சா?"

அந்தம்மா யோசித்தாளாம். "பென்சிலுன்னா ஒண்ணும் ஆவாது. பென்சிலு தான?"

அன்று ஆரம்பித்தது. விதியில் முகம் தெரிய வேண்டும் என்றுதான் இருக்கிறது, போட்டோ என்பது அதற்கு ஒரு வழிதானே என்று அப்பா தனக்குத் தானே ஒரு நியாயம் செய்துகொண்டார். இப்படி ஒரு தப்பை அவர் ஒருவர்தான் செய்திருப்பார். சனிக்கிழமை காலையில் கைநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு பெஞ்சு. ஒவ்வொருவராக அப்பாவின் மேஜைக்கு எதிரே உட்கார வேண்டும். போட்டோ ஒட்டுகிற கட்டத்துக்குள் அவர் பத்து நிமிடத்தில் முகத்தை வரைவார். பிறகு கிளார்க் அந்த அட்டையை வாங்கி, ஆளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "பொருந்துது சார்" என்று சொன்னால்தான் செல்லும். பொருந்தவில்லை என்றால் அட்டை குப்பைக்கூடைக்கு.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்கு ஃப்ளாஸ்கில் காபி கொண்டுபோகிற சாக்கில் நான் அங்கேயே இருந்துவிடுவேன். அந்த ஃப்ளாஸ்க் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்டது. மூடியைத் திருகும்போது கீச்சென்று சத்தம் வரும்.

ஒரு கீரைக்காரம்மாவுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. "சாரு, இந்தப் புள்ளியெல்லாம் உட்டுட்டுப் போடேன். புண்ணியமாப் போவும்" என்றாள்.

"அது இல்லேன்னா உங்களுக்குப் பணம் குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் அப்பா.

இன்னொருத்திக்கு மூக்குத்தி வேண்டும். "போட்டுக்கிட்டு வாங்க, வரைஞ்சிடறேன்." பியூன் பக்கத்தில் நின்று வர்ணனை கொடுப்பார். "இன்னா சார் இது! ஊட்ல இருந்து எய்ந்து வந்து அட்டையில குந்திகினா மாரி கீது!" மொத்த வங்கியும் சிரிக்கும். மச்சம், கிழிந்த காது, தூக்கலான பல் எதுவும் தப்பாது. தங்கள் முகத்தை அப்படி ஒருவர் நிமிர்ந்து பார்த்து அவர்களுக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்ததும் வெட்கப்படுவார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

பென்சிலுக்குள் வராமல் போன ஒரே முகம் கடலைக்காரம்மாவுடையது. பஸ் நிற்கிற இடத்தில் வேகவைத்த வேர்க்கடலை விற்கிறவள். அவள் உட்காருவாள், அப்பா பென்சிலை எடுப்பார், அவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் அவள் முகமே வேறாகிவிடும். கன்னம் மேலே ஏறும், கண் காணாமல் போகும். "சிரிக்காதீங்கம்மா" என்றால் இன்னும் சிரிப்பு வரும். சிரமப்பட்டு ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால், அது அவளே இல்லை. "சார், இது இவங்க இல்ல" என்று கிளார்க் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி மூன்று வாரம் போயிற்று. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

வங்கியில் வருடாவருடம் கொடுக்கும் டைரி ஒன்று எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் பழைய பேனாவைத் தேடப்போய் அதைப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கடலைக்காரம்மா. நேராக, பக்கவாட்டில், கண் மட்டும், கன்னம் மட்டும், பாதிச் சிரிப்பில். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அப்பா மடியில் டைரியை வைத்துக்கொண்டு கிறுக்கியதெல்லாம் இதுதான் என்று அப்போது புரிந்தது.

நேரே சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அப்பா எவ்ளோ நல்லா வரைஞ்சிருக்கார் பாரேன்!" என் அப்பாவைப் பற்றி எனக்கு அத்தனை பெருமை. அம்மாவும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை மெச்சவேண்டும் என்று ஆசை. நான் செய்தது அதுதான், வேறொன்றும் இல்லை. இன்றுவரை அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்குக் கால் பரபரக்கிறது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு பக்கத்தையும் விடாமல் பார்த்தாள்.

"யாரு இது?"

"பஸ் ஸ்டாண்டுல கடலை விக்கறவங்க."

"எல்லாமே இவங்கதானா?"

"ஆமா. எவ்ளோ இருக்கு பாரு!"

டைரியை மூடி, அது இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வந்து, மறுபடி அரிசி களைய ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு." "உங்கப்பாகிட்ட மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு." இதை அப்பா கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. ஊரில் உள்ள மச்சத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற மனிதருக்கு நான்கு நாள். ஐந்தாம் நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஏன் எல்லாம் இவ மூலமா வருது?" என்று கேட்டார்.

"அந்த டைரில இருக்கறவங்களைக் கேளுங்க."

அப்பா எழுந்துபோய் டைரியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் விரித்தார். விளக்க ஆரம்பித்தார். "இங்க பாரு, சிரிக்கும்போது இந்தக் கன்னம் மேல போயிடுது. நான் போட்டது இங்க நிக்குது. அதான் வரல." உண்மையாகவே கன்னத்தைப் பற்றித்தான் பேசினார். "இது ஆபீஸ் வேலைம்மா."

"நான் சந்தேகமெல்லாம் படல. அதுக்கெல்லாம் உங்களுக்கு ஏது சாமர்த்தியம்?" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "கல்யாணமாகிப் பன்னண்டு வருஷம் ஆகுது. எத்தனை மூஞ்சிய வரைஞ்சிட்டீங்க. என் மூஞ்சிய ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரையணும்னு தோணிச்சா?"

அப்பா திகைத்துப்போய்ச் சொன்னார், "உனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே."

கிண்டலாகச் சொல்லவில்லை. நம் அப்பாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களுக்கு அது பதில். அம்மா தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஃப்ளாஸ்கில் காபி ஊற்றி என்னிடம் கொடுத்த அம்மா, வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். கடைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். தினப்படி கட்டுகிற நூல் புடவைதான். மழை தூறிக்கொண்டிருந்தது. என் பின்னாலேயே இரும்புக்கடைப் படியில் ஏறி, கைநாட்டுப் பெஞ்சில் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பியூன் பதறிப்போனார். "அம்மா, நீங்க இன்னாத்துக்கு இங்க குந்திகினு? உள்ள வாங்க, சாரு கீறாரு."

"எனக்குக் கைநாட்டுதாங்க. வரிசையில வரேன்" என்றாள் அம்மா.

பதினோராம் வகுப்பு முடித்தவள் என் அம்மா. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவள். பியூன் என்னைப் பார்த்தார். நான் ஃப்ளாஸ்கைப் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கடலைக்காரம்மா. அம்மாவுக்கு அவளைத் தெரிந்துவிட்டது, டைரியில் அத்தனை தடவை பார்த்திருக்கிறாளே. அவளுக்கு அம்மாவைத் தெரியாது. நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுத் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"மொத தபாவா? பயப்படாத. சாரு தங்கமானவரு. நம்மள பாக்கறா மாரியே இருக்காது. கொத்தனாரு செவுத்துல வெடிப்பு எங்க கீதுன்னு பாப்பாரு பாரு, அத்த மாரி பாப்பாரு. எனுக்கு சிரிப்பு வந்துரும். நாலு வாரமா வந்துகினு கீறேன், இன்னும் என் மூஞ்சி வரல!" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அம்மா அருகிலிருந்து பார்த்தாள். அவள் உதட்டிலும் லேசாக ஒன்று வந்து போயிற்று. ஆனால் எழுந்து போகவில்லை. அவளுடைய வழக்கு கடலைக்காரம்மாவோடு இல்லை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

அம்மாவின் முறை வந்தது. எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன விளையாட்டு இது" என்றார் அப்பா, மெதுவாக.

"கைநாட்டு சார். போட்டோ இல்ல."

பெஞ்சு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா புது அட்டை ஒன்றை எடுத்தார். மளமளவென்று வரைந்தார், அம்மாவை அதிகம் பார்க்கவே இல்லை. முடிந்ததும் கிளார்க் வாங்கிப் பார்த்தார். மேனேஜரின் மனைவி அல்லவா.

"பொருந்துது சார்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"கொஞ்சம்... சின்ன வயசா இருக்கு சார்."

எட்டிப் பார்த்தேன். உருண்டைக் கன்னமும் முன்னால் விட்ட நீளப் பின்னலுமாக அவ்வளவு அழகான அம்மா. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் இருப்பாளே, அவள். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா மட்டும் அட்டையைத் திருப்பி வைத்தாள். "அடுத்த வாரம் வரேன் சார்."

அன்று வீடு திரும்பும்போது நான் சாலையின் அந்தப் பக்கமாக நடந்தேன். அத்தனை பேர் முன்னால் அப்பாவை மட்டம் தட்டிவிட்டாளே என்று எனக்குக் கோபம். அவ்வளவு அழகாக வரைந்தும் திமிர் பாரேன் என்று நினைத்தேன். பத்து வயதில் நான் யார் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது நினைத்தால், குறுக்கே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சரி, எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அந்த வாரம் அப்பா வீட்டில் செய்தித்தாளுக்கு மேலிருந்து அம்மாவைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். அம்மா சடாரென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "இங்க வேண்டாம். சனிக்கிழமை வரேன், அங்க பாருங்க." ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்தார்.

இரண்டாவது சனிக்கிழமை கடலைக்காரம்மாவின் முறை முதலில் வந்தது. அப்பா தவித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சிலிருந்து அம்மா சொன்னாள், "சிரிக்கறதையே வரைஞ்சா என்ன சார்? பணம் வாங்க வரும்போதும் அவங்க சிரிச்சுக்கிட்டுதானே வருவாங்க."

அப்பா அதுவரை போட்டதையெல்லாம் ரப்பரால் அழித்தார். பிறகு வரைந்தார். கண் இரண்டும் வெறும் கோடாக, கன்னம் மேலேறி, வாய் நிறையச் சிரிப்பு. கிளார்க் கையில் வாங்கியதுமே, "இவங்கதான் சார்!" என்று கத்திவிட்டார். பியூன் விசில் அடித்தார். வங்கிக்குள் விசில்.

அடுத்து அம்மா. இந்தத் தடவை அப்பா ஒழுங்காக வரைந்தார். மூக்கு சரி, நெற்றி சரி, மோவாயில் எண்ணெய் தெறித்த தழும்பு கூடச் சரி. கிளார்க் தைரியமாகவே பொருந்துது என்றார். கடலைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், இந்தம்மா இம்மாஞ் சாந்தமாவா கீறாங்கோ? எனுக்கு அப்பிடித் தெரிலயே."

அம்மா அவளை நன்றியோடு பார்த்தாள். "அடுத்த வாரம் வரேன் சார்."

மூன்றாவது சனிக்கிழமை அடைமழை. சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். போகவேண்டாம் என்று நான் அழுதேன், அம்மா கேட்கவில்லை. வங்கியில் கிளார்க்கும் பியூனும், மழைக்கு ஒதுங்கிய கடலைக்காரம்மாவும் மட்டும்தான். கூடையின் மேல் மூடியிருந்த சாக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அம்மா தலையை முந்தானையால் துவட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சார் என்றும் சொல்லவில்லை, கைநாட்டு என்றும் சொல்லவில்லை.

அப்பா பென்சிலைத் தொடாமல் அவளைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. காபி ஆறிவிடும் என்று நான் மூடியைத் திருகினேன், அவர் திரும்பவில்லை. பிறகு குனிந்து வரைய ஆரம்பித்தார். ஒரு கோடு, ஒரு பார்வை. அழிப்பார், மறுபடி பார்ப்பார். வலது பக்க நெற்றிக்கு வந்ததும் கை நின்றது. அம்மா எப்போதும் வாரி மறைத்துக்கொள்கிற இடம் அது. துவட்டியதில் கலைந்து, விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கற்றை வெளியே தெரிந்தது.

"இது எப்ப நரைச்சது?" என்று கேட்டார்.

"பையன் போனானே, அந்த மாசம்."

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்தது மூணாம் நாள். வருஷக் கணக்கு முடிக்கணும்னு அன்னிக்கே திரும்பிப் போயிட்டீங்க" என்றாள் அம்மா. "போனது போச்சுன்னீங்க. இவளுக்குத் தெரிய வேண்டாம்னீங்க. சரின்னேன். ஆனா என்னை ஒரு தடவை நிமிந்து பாத்திருக்கலாம் இல்ல?"

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன், "எந்தப் பையன்?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அங்கே இருப்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் ஒற்றைப் பிள்ளை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வளர்ந்தேன். ஐந்து வயதில் என்னை நாலைந்து மாதம் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்றார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் கட்டி என்றுதான் சொன்னேன்.

"எந்தப் பையன்மா?"

கடலைக்காரம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, கை நிறையச் சுடச்சுடக் கடலையைக் கொட்டினாள். "துன்னு கண்ணு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அப்பா வரைந்து முடித்தார். நரையைப் பென்சிலால் போட வரவில்லை. கறுப்பாகத் தீட்டிய கூந்தலில் ரப்பரின் முனையை வைத்து மெல்லிசாக இழுத்தார். கிளார்க் எழுந்து வந்து பார்த்தார். "பொருந்துது சார்" என்று சொல்லிவிட்டு உடனே தன் இடத்துக்குப் போய்விட்டார். அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, கைநாட்டு வைக்கிற இடத்தில் முத்து முத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

பியூன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, கையெய்த்துப் போட்டா படம் செல்லாதும்மா!"

"பரவாயில்ல. கேன்சல் பண்ணிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா குடையை எடுத்தாள்.

அந்த அட்டைகளெல்லாம் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கோடையில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். வரைபடமெல்லாம் போட்டோ ஆகாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். போட்டோக்காரர் ஒருவரை வங்கிக்கே வரவழைத்து எல்லோரையும் எடுத்தார்கள். கண் பயத்தில் விரிந்த, ஒரே மாதிரியான முகங்கள். அப்பாவின் பழைய அட்டைகளை மூட்டையாகக் கட்டி எங்கோ அனுப்பினார்கள். எங்கே என்று அவருக்கே தெரியாது. அப்பாவுக்கு ஒரு மெமோவும் மாற்றலும் கிடைத்தன. டைரியும் ஃப்ளாஸ்க்கும் வீடு மாறியதில் போய்விட்டன. அம்மா கையெழுத்துப் போட்ட அட்டையும்தான் இல்லை. எத்தனையோ தடவை தேடிவிட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை, அந்த மழைக்கு மறுநாள்.

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. ராத்திரி முழுக்க என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நானும் சாப்பிட மறுத்துவிட்டேன். மத்தியானம் அப்பா ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா ஆட்டுரலில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கல் சுற்றுகிற சத்தம் நின்றது.

"அவ கேக்கறா இல்ல? சொல்லுங்க" என்றாள் அம்மா.

"நான் அவனைப் பாக்கவே இல்லியே. எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா. சொன்னபோது அவர் குரல் உடைந்துபோயிற்று. அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அம்மா கொஞ்ச நேரம் உரல் மேலேயே கையை வைத்திருந்தாள். பிறகு, "பென்சில எடுங்க. நான் சொல்றேன்" என்றாள்.

அப்பா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். வங்கியில் யாரிடமும் அவர் கேள்வி கேட்டதில்லை, பார்த்தாலே போதும். அன்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"முகம் உருண்டையா?"

"நீளம். மோவாய் கூர்."

"முடி?"

"நிறைய. நெத்தி வரைக்கும் இறங்கி இருந்துது."

"மூக்கு?" என்று கேட்டுக்கொண்டே எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பது மாதிரி ஒரு மூக்கைப் போட்டார்.

"அது இல்ல. உங்க மூக்கு."

அப்பா இடது கையால் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அழித்துவிட்டு மறுபடி போட்டார். அம்மா மாவுக் கையோடு வந்து பின்னால் நின்றாள். காது இன்னும் கொஞ்சம் கீழே. மேல் உதடு இன்னும் மெல்லிசு. இல்ல, அவ்வளவு இல்ல. அழித்து அழித்துத் தாள் ஓரிடத்தில் நைந்துவிட்டது. கண் மட்டும் பாக்கி இருந்தது.

"கண்ணு எப்படி?" என்றார் அப்பா.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"மூடியே போடுங்க. இருந்த ரெண்டு நாளும் அவன் தொறக்கவே இல்ல."

அப்பா இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டுவிட்டுத் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், பார்த்தாள், என் கையில் கொடுத்தாள்.

"இவன்தான்" என்றாள்.

என் தம்பியை நான் அப்படித்தான் பார்த்தேன்.